கைக்குத் தெரியாத வெட்டு

அல்பேர்ட் அண்ணை வாள் கேட்ட விதம்தான் முதலில் சரியாகப் படவில்லை.

சேயோன் ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் ஒரு பெரிய கட்டுமானப் பொருள் கடையில், மின்கருவிகள் பிரிவில் வருடக்கணக்காக நிற்கிறவன். மின்வாள் வாங்க வருகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்பது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும், பாரம் எவ்வளவு, அதிர்வு குறைவா. அதிர்வைப் பற்றிக் கேட்காமல் போன ஆளே கிடையாது. மணிக்கட்டு நொந்தவன் அடுத்த கிழமையே திரும்பி வந்து சண்டை பிடிப்பான். அல்பேர்ட் அண்ணையும் அதிர்வைப் பற்றித்தான் கேட்டார். ஆனால் அதிர்வு கூடின வாள் எது என்று கேட்டார்.

சேயோன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

ஐம்பதை எட்டுகிற மனுசன். பகலில் பேருந்து ஓட்டுகிறார். ஜெர்மன்காரரோடு சரிக்குச் சரியாக இருந்து வேட்டைப் பரீட்சை எழுதி உரிமம் எடுத்தவர். சவர்லாந்து மலைக்காட்டில் ஒரு வேட்டை நிலத்தில் அவருக்கும் பாத்தியதை உண்டு. இலையுதிர் காலம் வந்தால் ஒரு செம்மான் கடாவைச் சுட்டு, தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பார். இங்கேதான் வாளுக்கு வேலை வந்தது. ஜெர்மன்காரன் எலும்பைக் கழித்துச் சதையை மட்டும் எடுப்பான். வயிற்றைத் திறக்கவும் இடுப்பெலும்பைப் பிளக்கவும் அவனுக்கு ஒரு சின்னக் கைவாள் போதும். நம்மவர்களுக்கோ எலும்பில்லாத இறைச்சி கறியே அல்ல. எலும்போடு தீப்பெட்டி அளவில் துண்டு போட வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் தொடை, விலா, நெஞ்சு, ஈரல் என்று எல்லாம் விழ வேண்டும். ஒரு வீட்டுக்கு உறிஞ்சித் தின்கிற மூளை எலும்பு குறைந்துவிட்டால் அந்த மாதம் முழுக்கத் தொலைபேசியில் திருவிழாதான்.

சங்கிலிவாளைச் சேயோனே கழித்துவிட்டான். சங்கிலிக்கு விடுகிற எண்ணெய் இறைச்சியில் தெறிக்கும். சமையல் எண்ணெய் விட்டு ஓட்டினாலும் மயிரையும் எலும்புத்தூளையும் அரைத்துச் சதைக்குள் அடித்துவிடும். மிச்சம் இருந்தது முன்னும் பின்னும் ஓடுகிற அலகுவாள். பற்றரியில் ஓடும், துருப்பிடிக்காத நீள அலகு போடலாம், காட்டிலேயே கழுவலாம். அதில் இரண்டு இருந்தன. ஒன்று விலை கூடியது, கையில் பிடித்திருப்பதே தெரியாது. மற்றது மலிவு, விசையை அழுத்தினால் பல்லெல்லாம் கிடுகிடுக்கும். அல்பேர்ட் அண்ணை விலை கூடியதைத் தூக்கி, ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“இதிலை அறுக்கேக்கை, உள்ளுக்கை என்ன நடக்குது எண்டு கைக்குத் தெரியுமோ?”

“வடிவாத் தெரியும் அண்ணை. எலும்பு துவங்கிற இடம், முடியிற இடம், எல்லாம் விரலுக்கே தெரியும்.”

“அப்ப இது வேண்டாம்,” என்று இறக்கி வைத்துவிட்டு, கிடுகிடுக்கிற வாளை எடுத்து வண்டிலில் போட்டார். அதற்குப் பிறகு சேயோனின் முகத்தை அவர் பார்க்கவேயில்லை.

வேறு ஆளென்றால் சேயோன் அதை அத்தோடு விட்டிருப்பான். ஆயிரம் வாடிக்கையாளர், ஆயிரம் கோணங்கித்தனம். ஆனால் அல்பேர்ட் அண்ணை விசயத்தில் அவனுக்கு ஒரு வருடமாகவே மனதில் ஒரு சந்தேகம் கிடந்தது. அதற்குக் காரணம் அவனுடைய மனைவி கிருசாந்தி.

போன கார்த்திகையில் காட்டில் விரட்டு வேட்டை ஒன்று நடந்தது. செம்மஞ்சள் மேலங்கி போட்டு, சத்தம் போட்டு மிருகங்களை விரட்ட ஆள் காணாது என்று அல்பேர்ட் அண்ணை கேட்க, கிருசாந்தி நான் வாறன் என்று துள்ளிக்கொண்டு போனாள். துள்ளல்தான் அவள். தமிழ் விளையாட்டுக் கழகத்தில் பூப்பந்து ஆடுவாள், படியை இரண்டிரண்டாக இறங்குவாள், சிரித்தால் பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தட்டுவாள். அன்றைக்குப் பள்ளத்தாக்கில் வழி தப்பி, பின்னேரம் முழுக்க அவளைக் காணவில்லை. இருட்டுகிற நேரம் அல்பேர்ட் அண்ணைதான் கண்டுபிடித்துக் கொண்டுவந்து வீட்டில் விட்டார். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. வழி தப்பிட்டுது என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து அவள் வேறு ஆள். நிறைகுடம் சுமக்கிறவள்போல் நடந்தாள். படியில் பக்கவாட்டாக, ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள். பூப்பந்து மட்டையைத் தூக்கிப் பரணில் போட்டாள். மல்லாந்து, அசையாமல் படுத்தாள். அவன் கை பட்டால் மெல்ல விலகினாள். நாரி நோவோ, எக்ஸ்ரே எடுப்போமோ என்று அவன் வைத்தியரிடம் நாள் குறித்து வாங்கிக் கொடுத்த Termin எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் போட்டாள். வாய்விட்டுச் சிரித்து ஒரு வருடம். பிறகு ஒருநாள், குளியலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் தொலைபேசியில் பேசுவது கேட்டது.

“அவருக்குச் சொல்லிப் போடாதேங்கோ அண்ணை. அவர் தாங்கமாட்டார்.”

அண்ணை என்ற சொல்லுக்குப் பின்னால் உலகத்தில் எத்தனை கூத்து நடந்திருக்கிறது என்று சேயோனுக்குத் தெரியாதா என்ன? அன்றிலிருந்து அவன் சாப்பிட்ட சோறு உடம்பில் ஒட்டவில்லை. கேட்டுவிடலாம் என்று வாயெடுப்பான். கேட்டால் அவள் போய்விடுவாளோ என்று பயந்து விழுங்கிவிடுவான். அவளை அவன் அவ்வளவு விரும்பினான். சந்தேகத்தோடு வாழ்ந்துவிடலாம், அவள் இல்லாமல் ஏலாது என்று கிடந்தான்.

வாளின் காசைக் கட்டி முடித்ததும், இந்தமுறை தானும் காட்டுக்கு வருவதாகச் சேயோன் சொன்னான். அலகு மாற்றத் தெரியாமல் விரலை வெட்டிக்கொள்வீர்கள் என்று ஒரு சாட்டும் சொன்னான். அல்பேர்ட் அண்ணையின் முகம் இறுகியது.

“வேண்டாம். நீர் அங்கை வராதையும்.”

அவ்வளவும் போதாதா? சேயோன் விடாப்பிடியாக நின்றான். கடையில் நாலு பேர் திரும்பிப் பார்க்கத் தொடங்கியதும் மனுசன் ஏதோ முணுமுணுத்துச் சம்மதித்தார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது சனிக்கிழமை எங்கே போகிறேன் என்று கிருசாந்தியிடம் சொன்னான். அவள் அகப்பையை மெதுவாக, சத்தமே வராமல், மேசையில் வைத்தாள். போகாதேங்கோ என்றாள். ஏன் என்று கேட்டான். அவள் அகப்பையை எடுத்து அவன் தட்டில் சோறு போட்டாள். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று அவனுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அலகு பூட்டிக் கொண்டுவருகிறேன் என்று அல்பேர்ட் அண்ணையின் வாளை வாங்கி வைத்து, சனிக்கிழமை தன் காரில் ஏற்றுகிற பொறுப்பை அவனே எடுத்துக்கொண்டான். ஏற்றவில்லை. அதற்குப் பதிலாக, கடையில் தன் பெயரில் எடுத்திருந்த விலை கூடிய வாளைப் பைக்குள் வைத்தான். அந்த மனுசனின் கைக்கு எது தெரியக்கூடாதோ, அது தன் கைக்குத் தெரியவேண்டும் என்று ஒரு வீம்பு.

மலையில் மதியத்துக்குப் பிறகே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. வண்டு தின்று செத்துப்போன ஊசியிலை மரங்கள் பட்டையில்லாமல், சாம்பல் நிறத்தில், மலைச்சரிவு முழுக்க நின்றுகொண்டிருந்தன. காற்று அடிக்கும்போது அவை ஒன்றோடொன்று உரசிக் கிரீச்சிட்டன, காற்று நின்ற பிறகும் ஏதோ ஒரு மூலையில் அந்தக் கிரீச் கொஞ்ச நேரம் நீண்டுகொண்டே இருந்தது. ஈரக்காளானும் பழைய பிசினும் மணந்தன, அந்த மணத்துக்கு அடியில் இறைச்சிக்கடைப் பலகையைக் கழுவிக் காயவிட்டதுபோல் ஒரு மெல்லிய, பழகிய மணம் கிடந்தது. மரத்தில் கட்டிய காவல் பரணில் இருவரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். அல்பேர்ட் அண்ணையின் மூச்சில் மிளகு மிட்டாய் வாசம். இந்த வாசத்தைக் கிருசாந்தி அறிவாளா என்று யோசித்து, யோசித்ததற்காகத் தன்னையே வெறுத்துக்கொண்டிருந்தான் சேயோன்.

பள்ளத்தாக்கின் அடியில் மேசைபோல் தட்டையான ஒரு பெரிய கல் கிடந்தது. அதற்கு அப்பால் மரங்களுக்கிடையில் கடா வந்தது.

பெரிய கடா. கொம்பு மட்டுமே ஒரு ஆளின் கை விரிப்பு அகலம். ஆனால் அது வந்த விதம். சரிவில் நேராக இறங்கவில்லை. பக்கவாட்டாகத் திரும்பி, ஒரு காலை வைத்து, நின்று, பாரத்தை மெல்ல மாற்றி, அடுத்த காலை வைத்து. தலையை ஆட்டவேயில்லை. ஒரு ஈ கண்ணோரம் வந்து உட்கார்ந்தது, அதற்குக்கூட ஆட்டவில்லை. நிறைகுடம் சுமக்கிற நடை.

அந்த நடையைச் சேயோன் ஒரு வருடமாகத் தன் வீட்டு மாடிப்படியில் பார்க்கிறான். என்ன ஏது என்று மனம் பிடிப்பதற்குள்ளேயே உடம்பு வியர்த்துவிட்டது.

“இதுவும் அப்பிடித்தான்,” என்று அல்பேர்ட் அண்ணை தனக்குள் சொல்லிக்கொண்டார். துவக்கைத் தூக்கினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. வேட்டைக்காரன் கண்ணில் அதைச் சேயோன் எதிர்பார்க்கவில்லை.

வெடித்தது. கடா விழுந்தது. அவ்வளவு பெரிய உடம்பு விழுந்தால் தொம்மென்று ஒரு சத்தம் வரவேண்டும். வந்தது ஒரு சத்தம் அல்ல. ஒரு மூட்டை விறகை யாரோ தரையில் கொட்டினதுபோல் இருந்தது.

இருவரும் இறங்கிக் கிட்டப் போனார்கள். தோல் முழுசாக இருந்தது. தோளுக்குப் பின்னால் குண்டு போன துவாரம் ஒன்று, வேறு ஒரு கீறல்கூட இல்லை. சேயோன் கைவிளக்கைப் பிடிக்க, அல்பேர்ட் அண்ணை வயிற்றைத் திறந்து குடலை எடுத்தார். சூடான ஆவி எழுந்தது. விலாப்பக்கம் கை போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கால்களை அவர் தொடவேயில்லை. கார் நிற்கிற பாதை சரிவுக்கு மேலே எங்கோ இருந்தது, முழு உடம்பாக இரண்டு பேரால் ஏற்ற முடியாது. காலைப் பிரித்தாக வேண்டும். வாளைத் தாரும் என்று பின்னால் கை நீட்டியவர், சேயோன் பையைத் திறந்ததும் திடுக்கிட்டு எழுந்தார்.

“இதை ஏன் கொண்டு வந்தனீர்? என்ரை வாள் எங்கை?”

சேயோன் குந்தியிருந்து, கடாவின் பின்தொடையில் தோலைக் கத்தியால் கீறி ஒதுக்கி, சதையில் அலகை வைத்து, விசையை அழுத்தினான். வாள் அதிர்வே இல்லாமல் இறங்கியது. சதை. நார். எலும்பு வந்தது, விரலுக்குத் தெரிந்தது, கடினமாக, நல்ல எலும்பு. கொஞ்சம் அறுத்தது. பிறகு அலகு விழுந்தது.

வெறுமைக்குள் விழுந்தது.

நிறுத்தினான். அலகை இழுத்தான். சதையை விரலால் விலக்கிப் பார்த்தான். அவன் வெட்டிய வெட்டுக்கு அருகில், எலும்பில் இன்னொரு வெட்டு. வழுவழுப்பாக. குறுக்கே, முழுசாக. அந்த வெட்டில் இரத்தம் இல்லை.

கத்தியால் சதையை நீளத்துக்குக் கீறினான். அடுத்த வெட்டு. அதற்கடுத்தது. ஒரே அளவு இடைவெளி. எலும்பு துண்டு துண்டாக, ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் அடுக்கி, சதைக்குள் நின்றது. ஒரு துண்டு அவன் உள்ளங்கையில் கழன்று விழுந்தது.

தீப்பெட்டி அளவு.

ஜெர்மன்காரன் எவனும் அந்த அளவில் வெட்டமாட்டான். அது கறிக்கு வெட்டுகிற அளவு. அது நம்முடைய அளவு.

“கைவாளிலை அறுத்தால் தெரியும்,” என்றார் அல்பேர்ட் அண்ணை. கல்லில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். “போன வருசம் தெரிஞ்சது. அதுதான் கிடுகிடுக்கிற வாள் கேட்டனான்.”

பிறகு விட்டு விட்டுச் சொன்னார். முதல் வருடம் இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுபோனால் மணக்கும், வீட்டுக்காரன் சத்தம் போடுவான் என்று, இங்கேயே, இந்தக் கல்லில் வைத்தே, பங்குக்கு வந்தவர்களும் அவருமாகத் துண்டு போட்டார்களாம். சிரித்துக் கதைத்துக்கொண்டு பங்கு பிரித்தார்களாம். மரங்களுக்குள் ஏதோ நின்றது அப்போதே தெரிந்ததாம். மான் என்று விட்டுவிட்டார்களாம்.

“அது பாத்துக்கொண்டு நிண்டிருக்கு. வெட்டப் பழகிப் போட்டுது. ஏன் வெட்டுறம் எண்டு மட்டும் அதுக்குத் தெரியேல்லை. அதாலை திருப்பி அடுக்கி, எழுப்பி விடுகுது.”

இப்படிப்பட்டதைச் சுடாமல் விட்டால் அது அப்படியே நடந்து திரியும், பார்க்க ஏலாது என்றார். சுட்டதைப் போட்டுவிட்டுப் போனால் மறுபடியும் அடுக்கும் என்றார். கொண்டுபோய்ச் சனத்துக்குக் கறியாகக் கொடுத்தால்தான் முடியும். போன வருடப் பங்கு நினைவுக்கு வந்தது சேயோனுக்கு. எலும்பை உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டான். கிருசாந்தி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

சேயோன் கேட்காமலே அவர் சொன்னார்.

“நான் தங்கச்சியைக் கண்ட நேரம் அவ இந்தக் கல்லிலைதான் இருந்தவ. காயம் ஒண்டும் இல்லை. தூக்கி விடுங்கோ அண்ணை, மெதுவா எண்டு மட்டும் சொன்னவ.”

அப்போது அந்தச் சத்தம் தொடங்கியது. மரம் உரசுகிறது என்று முதலில் நினைத்தான். காற்று இல்லை. இழுப்பு. தள்ளல். இழுப்பு. தள்ளல். நடுவில் ஒரு நிறுத்தம், யாரோ குனிந்து அளவு பார்க்கிறதுபோல். மறுபடி இழுப்பு. அவன் கையில் இருந்த வாள் அணைந்து கிடந்தது.

கிட்ட வந்தது.

துவக்கை எடுத்தார்கள். வாளை எடுக்கவில்லை. கடாவை எடுக்கவில்லை. சரிவில் கையாலும் காலாலும் ஏறினார்கள். பின்னால், கல் கிடந்த பக்கம், ஒன்றன்மேல் ஒன்று வைக்கிற சத்தம். டொக். டொக். டொக். அவசரமே இல்லாமல். சேயோன் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஏழு மணிச் செய்திகூட முடியவில்லை. கிருசாந்தி குசினியில் பருப்புக் கடைந்துகொண்டிருந்தாள். அவன் வாசலில் நின்றான். முழங்கால் வரை சேறு. இவளையா சந்தேகப்பட்டேன், இவளையா, என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு வருடம் இந்த மனுசி தன்னைத்தானே ஏந்திக்கொண்டு நடந்திருக்கிறாள், பக்கத்தில் படுத்திருந்து நான் வேறு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவமானம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

“கண்டிட்டீங்களோ?”

“ஓம்.”

அவளுடைய தோள்கள் மெல்ல இறங்கின. ஒரு வருடமாக இறங்காத தோள்கள். தனியாக வைத்திருந்தது போதும் என்பதுபோல் அவனைப் பார்த்தாள். ஆசுபத்திரிக்குப் போவோம், இப்பவே, என்றான். போகலாம் என்றாள். அதற்கு முதல் ஒன்று கேட்டாள்.

“ஒருக்காக் கட்டிப் பிடியுங்கோ. மெதுவா.”

அவன் கிட்டப் போனான். முட்டையை ஏந்துகிற பக்குவத்தில் கைகளை அவளைச் சுற்றி வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தாள். தலையில் அதே எண்ணெய் வாசம். அவளும் ஒரு கையை மெதுவாகத் தூக்கி அவன் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். நாடியை அவன் தோளில் வைத்தாள். அவனுடைய கிருசாந்திதான். அவனுக்கு அவள் திரும்பக் கிடைத்துவிட்டாள். ஒரு கணம் அவ்வளவுதான் இருந்தது.

பிறகு அவள் அழத் தொடங்கினாள்.

ஒரு வருடமாக அவள் அழவில்லை. சிரிக்கவில்லை, இருமவில்லை, தும்மல் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஏன் என்று இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. முதல் விம்மல். அவன் வலது உள்ளங்கையின் கீழ், அவள் முதுகில், ஏதோ ஒன்று சின்னதாக வழுக்கியது. அழுத்திப் பிடித்தான். நின்றது. அடுத்த விம்மல். கொஞ்சம் கீழே இன்னொன்று.

“அழாதையம்மா.”

“நிப்பாட்ட ஏலாமல் கிடக்கு.”

கழுத்தைச் சுற்றியிருந்த கை, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், மூட்டே இல்லாத இடத்தில் மடிந்தது. இன்னும் கீழே ஒருமுறை மடிந்தது. அவள் வலியில் கத்தவில்லை. அவள் பாரம் மெல்ல மெல்ல அவன் கைகளுக்குள் வந்துகொண்டிருந்தது. இடது கையை இடுப்புக்குக் கொண்டுபோனான். அங்கே நின்றது, தோள் போனது. தோளைப் பிடித்தான். இடுப்பு போனது. நெஞ்சோடு சேர்த்து இறுக்கினான். இறுக்கிய இடமெல்லாம் உள்ளுக்குள் நழுவியது. தோல் கிழியவில்லை. ஒரு சொட்டு இரத்தம் இல்லை.

“விட்டிடாதேங்கோ,” என்றாள் அவன் காதுக்குள். குரல் மட்டும் மாறவேயில்லை.

அவன் விடவில்லை. எங்கே பிடிப்பது என்று தேடினான். அவனிடம் இரண்டு கைகள்தான் இருந்தன. அவள் இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.